பிள்ளை தானாகச் சொல்ல வேண்டிய ‘சரி’: மென்னோனைட் வீடுகளின் வாசிப்பு, ஓர் எளிய அறிமுகம்

1573ஆம் ஆண்டு. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப் நகரத்துச் சிறையில் மாய்க்கன் வென்ஸ் என்ற பெண்ணை அடைத்து வைத்திருந்தார்கள். கணவர் கொத்தனார், சபையில் ஊழியமும் செய்து வந்தார். மூத்த மகன் ஆட்ரியனுக்குப் பதினைந்து வயது போல. கடைக்குட்டிக்கு மூன்று. மூத்தவனுக்குச் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கர்த்தருக்குப் பயந்து நடக்க உனக்கு விருப்பமா, உன் மனசு என்ன சொல்கிறது, அதை எனக்கு எழுது, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்று அதில் ஓர் இடத்தில் கேட்கிறார். கேட்ட கையோடு இன்னொன்றும் சொல்கிறார்: போன இரண்டு கடிதங்களைப் போல இல்லாமல் இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாகப்போகிறோம் என்று தெரிந்த பிறகும் பிள்ளையின் எழுத்து சரியில்லாதது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. முதல்முறை படித்தபோது அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஞாயிறு பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்த பிறகுதான் அதற்கு முந்தைய வரி எனக்கு உறைத்தது. மகனுக்கு அவர் புத்தி சொல்கிறார், நிறையவே சொல்கிறார். அத்தனைக்கும் நடுவில் ‘உன் மனசு என்ன சொல்லுது?’ என்று கேட்கவும் செய்கிறார். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுக்கப்போகிற தாய்க்கே, அந்த விசுவாசத்தை மகன் கையில் தன்னால் திணிக்க முடியாது என்று தெரிந்திருந்தது.

மென்னோனைட் குடும்பங்கள் வீட்டில் என்ன படிக்கின்றன, ஏன் படிக்கின்றன என்பது புரிய வேண்டுமானால் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இவர்கள் யார்?

நம் ஊரில் சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்க சபைகளில் பிள்ளை பிறந்த கொஞ்ச காலத்திலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். வளர்ந்த பின்பு திடப்படுத்தல். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், பிரதரன் சபைகளிலோ விவரம் தெரிந்த வயதில், அவரவரே வாயால் அறிக்கையிட்ட பிறகுதான் ஞானஸ்நானம். இன்று இரண்டு வழியும் ஒரே தெருவில் இருக்கின்றன. சம்பந்திகளுக்குள் வாக்குவாதம் வரலாம், அதோடு சரி. 500 வருடத்துக்கு முன்பு ஐரோப்பாவில் இந்த இரண்டாவது வழியைப் பிடித்தவர்களுக்குத் தலை போனது.

1525 ஜனவரி 21 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவருடைய வீட்டில் சில பேர் கூடினார்கள். கான்ராட் கிரேபெல் என்ற இளைஞர் ஜார்ஜ் பிளௌராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்; பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள். எல்லாரும் குழந்தையிலேயே ஒருமுறை ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதால், ஊரார் இவர்களை ‘அனபாப்டிஸ்ட்’ என்றார்கள். மறுமுழுக்குக்காரர் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் சபையும் அரசாங்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஊரில் பிறந்த பிள்ளை ஊர்ச் சபையின் பிள்ளை. அதை மறுத்தவர் மதத்தை மட்டும் மறுத்தவராக இல்லை, ஊரையே மறுத்தவரானார். இரண்டே வருடத்தில், 1527 ஜனவரி 5 அன்று, மான்ஸை லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள்.

மென்னோனைட் என்ற பெயர் வந்தது மென்னோ சைமன்ஸ் என்பவரிடமிருந்து. 1496இல் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் பிறந்தவர், கத்தோலிக்கக் குருவானவர். குருவான முதல் இரண்டு வருடம் வேதத்தைத் தொடவே இல்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். படித்தால் வழிதவறிவிடுவோமோ என்று பயம். 1531இல் பக்கத்தில் லேயுவார்டன் நகரத்தில் ஒரு தையல்காரர் இரண்டாம் முறை ஞானஸ்நானம் எடுத்த குற்றத்துக்காகத் தலை வெட்டுப்பட்டார். இதற்காகவா ஒரு மனிதரைக் கொன்றார்கள் என்று மென்னோ வேதத்தைப் புரட்டித் தேடத் தொடங்கினார். 1536இல் குருத்துவத்தை விட்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு காலமெல்லாம் ஒளிந்தும் ஓடியும் எழுதியும் வாழ்ந்தவர். 1542இல் அவர் தலைக்குப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 100 கில்டர் பொன் விலை வைத்தார். 1561இல் தன் படுக்கையிலேயே கண்மூடினார் என்பது அந்தக் காலத்துக்கு ஆச்சரியம்தான். இந்தச் சபையின் தொடக்கத்தில் இப்படி ஒரு வாசகர் இருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரை வண்டி, கறுப்புத் தொப்பி, மின்சாரம் இல்லாத வீடு என்று படங்களில் பார்ப்பது பெரும்பாலும் ஆமிஷ்காரர்களை. 1693இல் இதே மரத்திலிருந்து பிரிந்த கிளை அது. மென்னோனைட்டுகளிலும் பழைய உடையையும் பழக்கத்தையும் விடாத பிரிவினர் உண்டு. மற்றவர்கள் உங்களையும் என்னையும் போல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்கள். இந்த அனபாப்டிஸ்ட் சபைகள் எல்லாவற்றிலும் சேர்த்து உலகத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவில் இருக்கிறார்கள். இந்தியாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. பஞ்சத்தின் பின்னணியில் 1899இல் இன்றைய சத்தீஸ்கரின் தம்தரியில் அமெரிக்க மென்னோனைட்டுகள் ஊழியம் தொடங்கினார்கள். தெலங்கானாவின் மகபூப்நகர் பக்கம் மென்னோனைட் பிரதரன் சபைகள் இருக்கின்றன. 1997 ஜனவரியில் உலக மென்னோனைட் மாநாடு நம் கொல்கத்தாவில்தான் நடந்தது.

விசுவாசம் சொத்து மாதிரி இறங்குவதில்லை

குழந்தை ஞானஸ்நானம் இல்லாத வீட்டில் பெற்றோருக்கு ஒரு கவலை கூடவே இருக்கும். பிள்ளை இந்த வீட்டில் பிறந்ததாலேயே சபைக்குள் வந்துவிடுவதில்லை. பதினைந்திலோ இருபதிலோ அது தானாக எழுந்து ‘சரி’ என்று சொல்ல வேண்டும். சொல்லாமலும் போகலாம். வயலும் வீடும் போல அப்பா பெயரிலிருந்து மகன் பெயருக்கு விசுவாசத்தை எழுதி வைக்க வழியில்லை.

அப்படியானால் அந்தப் பதினைந்து இருபது வருடமும் பெற்றோர் என்ன செய்வது? பாடலாம், ஜெபிக்கலாம், வாழ்ந்து காட்டலாம். கூடவே படித்துக் காட்டலாம். மென்னோனைட் வீட்டு வாசிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். சாப்பிட்டு முடித்த மேசையில், தூங்கப்போகும் முன், குளிர்கால ராத்திரியில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, வேதத்தையும் வேதத்தை வாழ்ந்தவர்களின் கதைகளையும் குரல்விட்டு வாசிப்பது. படித்துவிட்டுப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று பார்ப்பது. முடிவு பிள்ளையுடையது, முடிவெடுக்கத் தேவையானதை எல்லாம் அதன் முன்னால் வைப்பது வீட்டின் கடமை.

வேதத்தில் எந்தப் பகுதியை முன்னுக்கு வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். முழு வேதாகமமும் படிப்பார்கள். ஆனால் படிக்கிற கண்ணாடி மலைப்பிரசங்கம், அதாவது மத்தேயு 5 முதல் 7 வரை. சத்துருவைச் சிநேகி, சத்தியம் பண்ணாதே, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு. இதையெல்லாம் பரலோகத்தில் நடக்கப்போகிற காரியமாக எண்ணி ஒதுக்கி வைக்காமல், திங்கட்கிழமை காலையில் செய்ய வேண்டிய வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் போருக்குப் போக மறுத்தார்கள், கோர்ட்டில் ஆணையிட மறுத்தார்கள். இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளும் நமக்கு விளங்கும்.

அந்தத் தடித்த புத்தகம்

அந்த வீடுகளில் வேதாகமத்துக்கு அடுத்த இடம் நெடுங்காலமாக ஒரு புத்தகத்துக்கு உண்டு. தமிழில் ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ என்று சொல்லலாம். நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரத்துத் துணி வியாபாரியும் சபை மூப்பருமான தீலமன் வான் பிராக்ட் 1660இல் வெளியிட்டது. அப்போஸ்தலர் காலத்திலிருந்து தன் காலம்வரை விசுவாசத்துக்காகச் செத்தவர்களின் வரலாறு, நீதிமன்றக் குறிப்புகள், சிறைக் கடிதங்கள். மாய்க்கன் வென்ஸ் மகனுக்கு எழுதிய கடிதம் இதில்தான் வருகிறது.

ஏன் தொகுத்தார் என்பதை அவரே முன்னுரையில் சொல்கிறார். அப்போது டச்சு மென்னோனைட்டுகளைக் கொல்வது நின்று பல பத்தாண்டுகள் ஆகியிருந்தது. வியாபாரம் செழித்தது. நல்ல வீடு, நல்ல உடை, வெளியூரிலிருந்து வந்த சாமான்கள். கொடுமைக்காலத்தைவிட இந்தச் சுகக்காலம் ஆத்துமாவுக்கு ஆபத்தானது என்று அவர் பயந்தார். தாத்தாக்கள் எதற்காகச் செத்தார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்கே தெரியாமல் போய்விடுமோ என்கிற பயத்தில் எழுதியது என்பதால், இது ஆராய்ச்சியாளருக்கு முன்னால் குடும்பத்துக்கான புத்தகம். 1685இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஓவியர் யான் லௌக்கன் செதுக்கிய 104 செப்புத்தகட்டுப் படங்கள் சேர்ந்தன. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் அதற்குப் பிறகு இந்தப் புத்தகத்தைப் ‘படிக்க’ முடிந்தது.

அந்தப் படங்களில் ஒன்று உலகம் முழுவதும் மென்னோனைட் வீடுகளில் தெரிந்த படம். உறைந்த நீர்நிலை. பனிக்கட்டி உடைந்த இடத்தில் ஒருவன் மார்புவரை தண்ணீரில் கிடந்து கைகளை உயர்த்தித் தவிக்கிறான். விளிம்பில் இன்னொருவர் குனிந்து, இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டுகிறார். குனிந்திருப்பவர் டிர்க் வில்லெம்ஸ். தண்ணீரில் இருப்பவன் அவரைப் பிடிக்கத் துரத்தி வந்த காவலாள்.

நடந்தது இதுதான். டிர்க் ஹாலந்தின் ஆஸ்பெரன் ஊர்க்காரர். இளம் வயதில் விசுவாச ஞானஸ்நானம் எடுத்தவர், தன் வீட்டில் மற்றவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுக்க இடம் தந்தவர். பிடிக்க வந்தபோது பனிக்கட்டி மேல் ஓடி, தட்டுத்தடுமாறி அக்கரை சேர்ந்துவிட்டார். பின்னால் ஓடிவந்தவன் கால் வைத்த இடத்தில் பனி உடைந்தது. டிர்க் திரும்பிப் பார்த்தார். திரும்பி வந்தார். கைகொடுத்துத் தூக்கினார். உயிர் பிழைத்த அவன் இவரை விட்டுவிடத்தான் பார்த்தான். கரையில் நின்ற நகரத் தலைவரோ, நீ செய்த ஆணையை நினைத்துப் பார் என்று அதட்டினார். பிடித்தான். 1569 மே 16 அன்று டிர்க்கை உயிரோடு எரித்தார்கள். அன்றைக்குப் பலத்த கிழக்குக் காற்று வீசி நெருப்பை மேல் உடம்பில் பிடிக்கவிடாமல் ஒதுக்கியதால் சீக்கிரம் உயிர் போகவில்லை. பக்கத்து லேர்டாம் ஊர்வரை அவர் கூப்பாடு கேட்டதாம்.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்துக்குப் பிறகு ஒரு நாள் இந்தக் கதையைச் சொன்னேன். நெருப்பு, காற்று எதையும் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள் என்றதோடு நிறுத்திவிட்டேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பாயை விரித்துக்கொண்டே, “அம்மா, அவர் பாட்டுக்கு ஓடிப் போயிருந்தா சாமி கோவிச்சிருக்குமா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கோபித்திருக்காது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். “அப்ப ஏன் வந்தார்?” என்றாள் அடுத்து. “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேட்டேன். “அந்த ஆள் கத்தியிருப்பான். கேட்டுட்டுப் போக முடியாது” என்றாள். சத்துருவைச் சிநேகிப்பது பற்றி ஞாயிறு பள்ளியில் நான் எத்தனையோ வாரம் எடுத்த பாடத்தில் இந்தப் பதில் ஒருமுறையும் வந்ததில்லை.

இந்தக் கதையில் எதிரி ஒழிவதில்லை. கடைசி நிமிடத்தில் தேவதூதன் வந்து காப்பாற்றுவதும் இல்லை. நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய நமக்கு இது இடிக்கத்தான் செய்யும். மென்னோனைட் பெற்றோர் பிள்ளையின் முன்னால் வைப்பதும் இந்த இடறலைத்தான். இது நடக்கலாம், இதற்குப் பிறகும் நீ ‘சரி’ சொல்வாயா என்று.

புத்தகம் பட்ட பாடு

வீட்டு வாசிப்பை இவர்கள் எவ்வளவு பெரிய காரியமாக எண்ணினார்கள் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் குடியேறிய மென்னோனைட்டுகள் ஜெர்மன் பேசுகிறவர்கள்; புத்தகமோ டச்சில் இருந்தது. போர் மூளும் போலிருந்தது. ஆயுதம் எடுக்காத சபையின் வாலிபப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மொழிபெயர்க்க உதவி கேட்டு 1745இல் ஆம்ஸ்டர்டாமுக்குக் கடிதம் எழுதினார்கள். பதிலுக்குக் காத்திருந்து பயனில்லாமல், எஃப்ராட்டா என்ற இடத்தில் துறவிகளைப் போல் வாழ்ந்த இன்னொரு ஜெர்மன் சபையாரிடம் போனார்கள். 15 பேர் மூன்று வருடம் வேலை செய்தார்கள். ஒருவர் மொழிபெயர்க்க, நான்கு பேர் எழுத்துக்கோக்க, நான்கு பேர் அச்சடிக்க, ஆறு பேர் காகிதம் செய்ய. 1748–49இல் சுமார் 1,500 பக்கத்தில் 1,300 பிரதிகள் வந்தன. பிரிட்டிஷ் ஆட்சிக்கால அமெரிக்காவில் அச்சான புத்தகங்களிலேயே பெரியது அதுதான்.

அமெரிக்க விடுதலைப் போரின்போது, புத்தகமாகத் தைத்துக் கட்டாமல் கிடந்த தாள்களைப் படைவீரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துப்பாக்கித் தோட்டா சுற்றக் காகிதம் இல்லையாம். டிர்க் வில்லெம்ஸின் கதை அச்சான தாளில் வெடிமருந்து மடித்துச் சுட்டிருப்பார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாமே ரத்தம் இல்லை

இவ்வளவும் கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு இவர்கள் சாவைத் தவிர வேறெதுவும் படிக்கக் கொடுப்பதில்லையோ என்று எண்ண வேண்டாம்.

1635இல் யான் ஸ்காபாலியே என்ற டச்சு மென்னோனைட் எழுதிய உரையாடல் நூல் ஒன்று உண்டு. அலைகிற ஓர் ஆத்துமா ஆதாமைச் சந்தித்துப் பேசும், நோவாவைச் சந்தித்துப் பேசும். உலகம் உண்டானது எப்படி, வெள்ளம் வந்தது எப்படி என்று கேள்வி கேட்டுக்கொண்டே எருசலேம் அழிவதுவரை வரும். தாத்தாவிடம் பேரன் கதை கேட்பது மாதிரிதான். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பதிப்பு பதிப்பாக வந்து தலைமுறை தலைமுறையாக வீடுகளில் இருந்தது.

பாட்டுப் புத்தகமும் அவர்களுக்கு வாசிப்புப் புத்தகம்தான். ‘ஔஸ்புண்ட்’ என்ற தொகுப்பின் மூலப்பாடல்கள் 1535 முதல் ஜெர்மனியின் பாஸாவ் கோட்டையில் அடைபட்டிருந்தவர்கள் எழுதியவை. 1564இல் அச்சேறியது. ஆமிஷ் சபைகள் இன்றைக்கும் அதிலிருந்துதான் பாடுகின்றன. இசைக்குறிப்பு கிடையாது, சொற்கள் மட்டும். மெட்டு காது வழியாகவே வந்திருக்கிறது. ஆராதனையில் இரண்டாவதாகப் பாடுவது எப்போதும் ஒரே துதிப்பாட்டு. இழுத்து இழுத்துப் பாடி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அப்பா மடியில் உட்கார்ந்து அந்த இருபது நிமிடத்தைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, எழுத்து தெரியும் முன்பே அந்தச் சிறைவாசிகள் பழக்கமாகிவிடுகிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தவர் கிறிஸ்டோபர் டாக். பென்சில்வேனியாவின் ஸ்கிப்பாக், சால்ஃபோர்ட் என்ற இரண்டு ஊர்ப் பள்ளிகளில் மாறி மாறி மூன்று நாள் பாடம் எடுத்த மென்னோனைட் வாத்தியார். தன் பள்ளியை எப்படி நடத்துகிறார் என்று 1750இல் எழுதி, தன் பெயர் பெரிதாகிவிடக் கூடாது என்று அச்சிடத் தயங்கி, கடைசியில் 1770இல் அது வெளிவந்தது. புதிதாக ஒரு பிள்ளை வந்தால் மற்றப் பிள்ளைகள் கைகொடுத்து வரவேற்க வேண்டும். பிள்ளை அரிச்சுவடியை ஒப்பித்துவிட்டால் அப்பா ஒரு காசு கொடுக்க வேண்டும், அம்மா இரண்டு முட்டை பொரித்துத் தர வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளைக்கு அவரே பூவும் பறவையும் வரைந்து வேதவசனம் எழுதிய தாளைப் பரிசாகக் கொடுப்பார். ஒரு பள்ளிப் பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதத்திலிருந்து கேள்வி எழுதிக் கடிதம் அனுப்புவார்கள், வாத்தியாரே தபால்காரர். வகுப்பு முடிந்தபின் பிள்ளைகளுக்காகத் தனியே முழங்கால் போடுவது அவர் வழக்கம். 1771இல் ஒரு மாலை வீடு திரும்பாதவரைத் தேடிப் போனபோது, பள்ளிக்கூடத்தில் முழங்காலில் இருந்தபடியே உயிர் பிரிந்திருந்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் தனிப் பதிப்பகங்களே உண்டு. பென்சில்வேனியாவின் ஸ்காட்டேலில் 1908இல் மென்னோனைட் பதிப்பகம் ஒன்று தொடங்கியது. கனடாவின் ஒன்டாரியோவில் எய்ல்மர் என்ற ஊரில் ஆமிஷ்காரர்கள் 1964இல் பாத்வே என்ற பதிப்பகத்தை ஆரம்பித்தார்கள். குடும்பத்துக்கு ஒரு மாத இதழ், வாலிபருக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு ஒன்று, பள்ளிப் பாடநூல்களும். பழைய வழியில் நடக்கும் பிரிவினர் பலருக்குக் கற்பனைக் கதை என்றாலே ஒரு தயக்கம் உண்டு. நடந்தது, அல்லது நடக்கக்கூடியது என்றால்தான் பிள்ளை கையில் கொடுப்பார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இயேசுவே உவமை சொன்னவர்தானே. ஆனாலும் பிள்ளை என்ன படிக்கிறது என்று ஒரு சபையே கூடி உட்கார்ந்து யோசிப்பதை மதிக்கிறேன்.

சமையலறைக்கும் ஒரு புத்தகம் போயிருக்கிறது. 1970களின் உணவு நெருக்கடியில், உண்பதையும் செலவழிப்பதையும் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள் என்று மென்னோனைட் மத்தியக் குழு சபைகளைக் கேட்டுக்கொண்டது. 1920இல் ரஷ்யாவில் பட்டினி கிடந்த தம் மக்களுக்கு உதவத் தொடங்கிய அமைப்பு அது. எப்படிக் குறைப்பது என்று கேட்டவர்களுக்காக டோரிஸ் ஜான்ஸன் லாங்கேக்கர் வீடுகளிலிருந்து குறிப்புகளைச் சேர்த்து 1976இல் ஒரு சமையல் புத்தகம் போட்டார். பருப்பு, பயறு, மிஞ்சியதை மறுபடி ஆக்குவது. பசித்தவன் இருக்கிற உலகத்தில் என் தட்டில் எவ்வளவு இருக்கலாம் என்பதும் ஞாயிறு பள்ளிப் பாடம்தான் என்று அவர்கள் எண்ணினார்கள்.

2025இல், சூரிச் வீட்டில் நடந்த அந்தக் கூட்டத்தின் 500ஆம் வருடத்தை ஒட்டி ஒரு வேதாகமப் பதிப்பு வந்தது. ஓரத்தில் அறிஞர்களின் குறிப்புகளோடு, ஏறத்தாழ 600 சபைக் குழுக்கள் கூடிப் படித்து எழுதி அனுப்பியதும் அதில் அச்சாகியிருக்கிறது. ஒரு பகுதியைப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து படித்தார்கள், அவர்களுக்கு எழுந்த கேள்வி பக்கத்து ஓரத்திலேயே நிற்கிறது. பதில் கிடைக்காத கேள்விகளையும் அச்சடித்த வேதாகமம் வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நம் வீட்டில் தொடங்குவதானால்

இதற்கு மென்னோனைட்டாக வேண்டியதில்லை. குடும்ப ஜெபம் நம் கிறிஸ்தவ வீடுகளுக்குப் புதிதும் இல்லை. ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், அப்பாவின் நீளமான ஜெபம், நடுவில் தூங்கி விழும் தம்பி. இதில் கூட்ட வேண்டியது ஒரு பத்து நிமிடம்.

மலைப்பிரசங்கத்தில் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு ஐந்தாறு வசனத்துக்கு மேல் வேண்டாம். பெரியவர் மட்டும் வாசிக்காமல் பிள்ளைகள் கையிலும் புத்தகம் போகட்டும். தட்டுத்தடுமாறி வாசித்தாலும் இடையில் திருத்த வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் உண்மையாக வாழ்ந்த ஒருவருடைய கதை. ஏழெட்டு வயதுவரை டிர்க் வில்லெம்ஸ் பனியில் கைநீட்டியது போதும், டாக் வாத்தியாரின் பொரித்த முட்டை போதும். மரண விவரங்களைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பயத்தில் வருகிற பக்தி ராத்திரி கெட்ட கனவாகத்தான் வெளிவரும். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஆனதை நான் கண்கூடாகப் பார்த்தேன். நான் சொன்ன கதையால் ஆனது அது.

பதின்மூன்று பதினான்கு வயதில் மாய்க்கன் வென்ஸைப் பேசலாம். அந்தப் பிள்ளைகள் அப்போது ஆட்ரியனின் வயதை நெருங்குகிறார்கள். 1573 அக்டோபர் 6 அன்று அவரை எரித்தபோது, பேசவிடாமல் நாக்கில் திருகு மாட்டியிருந்தார்கள். ஆட்ரியன் மூன்று வயதுத் தம்பியைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு பெஞ்சு மேல் ஏறி நின்றான். அம்மாவைக் கொண்டுவந்ததும் மயங்கி விழுந்தான். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு எழுந்து வந்து, சாம்பலைக் கிளறி அந்தத் திருகைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டான். யான் லௌக்கன் வரைந்தது இந்தக் கடைசி நேரத்தைத்தான்: நெருப்பு இல்லை, கூட்டம் இல்லை, இரண்டு பையன்கள் சாம்பலில் குனிந்து தேடுகிறார்கள்.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் இந்தக் கடிதத்தைப் பேசிய அன்று, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். அந்த அம்மா கேட்டதையே கேட்டேன்: உங்கள் மனசு என்ன சொல்கிறது? யாருக்கும் காட்ட வேண்டாம், என்னிடமும் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினொரு பேர் இருந்தார்கள். நான்கு பேர் எழுதினார்கள். ஒரு பையன் தாளை வெறுமையாகவே எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். இரண்டு மாதம் கழித்து வேறொரு நாள், பாட்டுப் புத்தகத்தைத் திரும்ப வாங்கும்போது, அவன் புத்தகத்துக்குள் அந்தத் தாள் இருந்தது. பிரிக்காமல் அவனிடமே கொடுத்துவிட்டேன்.